இன்ட்டு மார்க் போட்ட வீடு

கடலோரச் சாலையில் நெம்மேலி தாண்டி இளநீர் குடிக்க நிற்கிறேன். எதிரே பழங்கால ஆங்கிலேயப் பண்ணை வீடு போலவே ஒரு புது ரிசார்ட். செங்குத்தான கூரை, வெள்ளைச் சுவர், அதில் பெருக்கல் குறிகளாகக் கறுப்பு மரச்சட்டங்கள். உப்புக் காற்றில் மரத்தை வைத்தவரின் தைரியத்தை வியக்கிறேன்.

இளநீர் விற்கும் அம்மா உச்சுக்கொட்டுகிறார். "பாவம் சார், ரோட்டுக்காக இடிக்கப் போறாங்க."

"யார் சொன்னது?"

"செவுரு பூரா இன்ட்டு மார்க் போட்டுகீறாங்களே! என் தங்கச்சி வூட்டுக்கு ஒண்ணுதான் போட்டாங்க, மறுவாரமே இடிச்சிட்டாங்க. அடுத்து என் கடைதான்."

"அது மரச்சட்டம்மா. வீட்டையே அதுதான் தாங்கும். இங்கிலாந்துல இப்படிக் கட்டின வீடு நானூறு வருஷமா நிக்குது."

அவர் அரிவாளை நிறுத்திவிட்டு ஆர்வமாகக் கேட்கிறார்:

"நானூறு வருஷமாவா? ஸ்டே வாங்கிக் குடுத்த வக்கீல் யாரு சார்?"