தோற்றேன் என்று சொன்ன சாம்பியன்

கிரெஸ்டன் லொட்பெர்க் குத்துச்சண்டைக்கு வந்தது வீரத்தினால் அல்ல, குளிரினால். எஸ்பியெர் துறைமுகத்தில் நானும் அவனும் மீன் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தோம். ஜனவரியில் அங்கே அடிக்கிற காற்று கம்பளிச் சட்டையைத் தாண்டி எலும்புக்குள் இறங்கும். எங்கள் தெருவில் நல்ல கணப்பு எரிகிற ஒரே இடம் விகோ புரோர்சனின் சைக்கிள் கடைக்குப் பின்னால் இருந்த பயிற்சிக்கூடம்தான். வேலை முடிந்ததும் கிரெஸ்டன் நேரே அங்கே போய் கணப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பான். சில நாள் பொறுத்துப் பார்த்த விகோ ஒருநாள் கேட்டே விட்டார்.

"ஏன்டா, இது என்ன ரயில்வே ஸ்டேஷன் வெயிட்டிங் ரூமா? தினமும் வந்து சூடு காயறே?"

"வெளிய குளிருது வாத்தியாரே."

"கையுறைய மாட்டிக்கிட்டு ரிங்ல ஏறு. குளிரு தானா போயிடும்."

ஏறினான். எதிரே நின்றவன் கொல்லன் பட்டறை ஆள், கழுத்தே இல்லாத தடியன். கிரெஸ்டனுக்குக் கை நீளம். தன் மேல் விழ வருகிறவனைத் தள்ளி நிறுத்துவதுபோல இடது கையை நீட்டினான். தடியன் அதிலேயே மோதி உட்கார்ந்துவிட்டான். கிரெஸ்டன் பதறிப்போய் குனிந்து, "மன்னிச்சுக்கப்பா, வலிக்குதா?" என்று கேட்டான்.

விகோ தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் அன்று முதல் கடைக் கணப்பில் நிலக்கரியைத் தாராளமாகவே போட ஆரம்பித்தார்.

மன்னிப்புக் கேட்கும் பழக்கம் கிரெஸ்டனை விட்டுக் கடைசிவரை போகவில்லை. நல்ல குத்து ஒன்று விழுந்தால் வாய் தானாக முணுமுணுக்கும். ஓடென்ஸே ஊரில் ஒரு நடுவர் சண்டையை நிறுத்தியே எச்சரித்தார்: "மன்னிப்பு கேக்கறதுன்னா சர்ச்சுக்குப் போ. இங்க வாயை மூடிக்கிட்டு அடி."

அவன் என் அக்கா ஆஸ்டாவைக் கட்டிக்கொண்டதும் எனக்கு மச்சான் ஆனான். சண்டைகளில் விகோவோடு ரிங் மூலையில் நின்று தண்ணீர் வாளியும் பஞ்சும் பிடிக்கிற வேலை எனக்கு. அதனால் அவன் வாங்கிய அடி, கொடுத்த அடி எல்லாவற்றையும் கைக்கெட்டும் தூரத்திலிருந்து பார்த்தவன் நான். அக்கா ஒரு சண்டைக்கும் வந்ததில்லை. அவன் ரிங்கில் இருக்கிற நேரம் அவள் மண்டியிட்டு அடுப்பங்கரைத் தரையைத் தேய்ப்பாள். ரேடியோவும் வைக்கமாட்டாள். பக்கத்து வீட்டு திருமதி தூகெஸன் கேட்டுவிட்டுச் சுவரில் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் வெற்றி, இரண்டு என்றால் தோல்வி. எங்கள் அக்கா வீட்டுத் தரையைப்போலச் சுத்தமான தரை யூட்லாந்துப் பகுதியிலேயே கிடையாது என்று தெருவே பேசிக்கொண்டது.

தேசிய அளவில் பட்டம் கிடைத்த பிறகு, கோபன்ஹேகனிலிருந்து ராஸ்ட் என்ற போட்டி ஏற்பாட்டாளர் பெரிய காரில் வந்து இறங்கினார். தொழில்முறைச் சண்டைக்காரனாகக் கையெழுத்துப் போட வைத்தார். சுவரொட்டியில் போடுவதற்கு 'வடகடல் புயல்' என்று ஒரு பெயரும் கொண்டு வந்திருந்தார்.

"புயல்னு போட்டீங்கன்னா எங்க ஊரு மீனவங்க என்னை உதைப்பாங்க" என்றான் கிரெஸ்டன். "போன மாசந்தான் ரெண்டு படகு போச்சு. வெறும் லொட்பெர்க்னே போடுங்க."

அப்படியே போட்டார்கள். ஹாம்பர்கிலும் யோத்தபோரியிலும் சண்டை போட்டான். பெரும்பாலும் ஜெயித்தான். ஜெயித்துவிட்டு வந்து திங்கட்கிழமை பெட்டி தூக்கினான். உதடு வீங்கியிருந்தால் பாரந்தூக்கி இயந்திரம் ஓட்டுகிற லௌஸ்ட் மேலேயிருந்து கத்துவான்: "என்னடா, நேத்து ராத்திரி ஆஸ்டா குடுத்ததா?"

ஐரோப்பியப் பட்டத்துக்கான சண்டை கோபன்ஹேகனில் நடந்தபோது அவனுக்கு முப்பது வயது. சாம்பியன் ஜெனோவா நகரத்து எத்தோரே பரோடி. நிற்கிற இடத்தில் நிற்காத மனிதன் அவன். நம் ஆள் குத்துகிற இடத்தில் காற்றுதான் இருந்தது. ஆறாவது ரவுண்டில் கிரெஸ்டன் ஒரு முறை விழுந்து எழுந்தான். கடைசி மூன்று ரவுண்டில் மட்டும் எப்படியோ பரோடியைக் கயிற்றோரம் ஒதுக்கி நாலு குத்து நன்றாக வைத்தான். கூட்டம் எழுந்து நின்று பாட ஆரம்பித்துவிட்டது. அந்தச் சத்தம் தீர்ப்பு எழுதியவர்களின் காதிலும் விழுந்திருக்க வேண்டும். நடுவர் வந்து கிரெஸ்டனின் கையைத் தூக்கினார்.

அவன் தன் கையையே நிமிர்ந்து பார்த்தான், வேறு யாருடைய கையோ என்பதுபோல.

ரேடியோக்காரர் ஒலிவாங்கியை நீட்டினார். "லொட்பெர்க்! ஐரோப்பாவோட சாம்பியன்! இப்ப எப்படி இருக்கு?"

கிரெஸ்டன் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னான்: "நான் தோத்துட்டேன்னு நினைச்சேன். இப்பவும் அப்படித்தான் நினைக்கிறேன். அந்த ஆளு என்னைவிட நல்லா போட்டாரு."

நாடு முழுக்கக் கேட்டது. உடை மாற்றும் அறையில் ராஸ்ட் தொப்பியைத் தரையில் அடித்தார். "பெல்ட்டு இடுப்புல இருக்கு, வாய் இத்தாலியில இருக்கு! உனக்கு யாருய்யா தீர்ப்பு சொல்லச் சொன்னது?" விகோ கத்தவில்லை. அதுதான் மோசமாக இருந்தது. கிரெஸ்டனின் கையில் சுற்றிய துணியைக் கத்தரித்துக்கொண்டே, "பத்து வருஷம்டா. ஒரே வாக்கியத்துல கரைச்சுட்டியே" என்று மட்டும் சொன்னார்.

ஊர் திரும்பிய அன்று மழை. நகரசபை வாசலில் மேயர் குடைக்குக் கீழே நின்று இரண்டு நிமிடம் பேசினார். எங்கள் குடும்பத்தைத் தவிர ஒரு இருபது பேர் இருந்திருப்பார்கள். கடைத்தெருவில் பலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சண்டை நடந்த ராத்திரி ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்தியவர்கள் அவர்கள். தங்கள் சந்தோஷத்தை அவன் பிடுங்கிக்கொண்டதாக அவர்களுக்கு எரிச்சல். துறைமுகத்தில் லௌஸ்டுக்குக் கொண்டாட்டம்.

"சாம்பியன்! இந்தப் பெட்டி உன்னுதா, இல்ல இத்தாலிக்காரனுதா? கேட்டுச் சொல்லு!"

கிரெஸ்டன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடப்பான். அக்காதான் வீட்டில் வைத்து அவனைப் பிடித்தாள். பொரித்த மீனைத் தட்டில் போட்டுக்கொண்டே சொன்னாள்: "உனக்குப் பொய் சொல்லத் தெரியாதுன்னு தெரிஞ்சுதான் கட்டிக்கிட்டேன். வாயை மூடவும் தெரியாதுன்னு அப்ப யாரும் சொல்லல."

"கேட்டாங்க, சொன்னேன்."

"அவரு கேட்டது எப்படி இருக்குன்னு. யாரு ஜெயிச்சதுன்னா கேட்டாரு?"

"ஆமா" என்றான். "ஆனா எப்படி இருந்துச்சுன்னா, அடுத்தவன் கோட்ட மாட்டிக்கிட்டு வந்த மாதிரி இருந்துச்சு."

அக்கா இன்னொரு துண்டு மீனைத் தட்டில் வைத்தாள்.

ராஸ்ட் அடுத்த சண்டைக்கு ஒரு வயதான பெல்ஜியக்காரனைப் பிடித்து வைத்திருந்தார். சுலபமான ஆள், சொந்த ஊர்க் கூட்டம். கிரெஸ்டன் ஒரே பிடியாக நின்றான். "முதல்ல பரோடி. அதுவும் அவரு ஊர்ல. இல்லன்னா எனக்கு மீன் பெட்டி போதும்."

"ஜெனோவாவுல அவனை நாக்-அவுட் பண்ணாம நீ ஜெயிக்க முடியாது, தெரியுமா? அங்க தீர்ப்பு எழுதறவன் கையில பேனா ஒரு பக்கந்தான் சாயும்."

"இங்கயும் அப்படித்தான் சாஞ்சுது" என்றான் கிரெஸ்டன்.

வசந்தத்தில் போனோம். கிரெஸ்டன், விகோ, நான். கறுப்பு ரொட்டியும் புகைபோட்ட விலாங்கும் அக்கா கட்டிக்கொடுத்தாள். எடை பார்க்கும் நாள் நெருங்கிவிட்டதால் அவனுக்கு அதில் ஒரு வாய் கிடையாது. ரயிலில் நானும் விகோவும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சாப்பிட்டோம்.

ஜெனோவா ஸ்டேஷனில் எங்களுக்காகக் காத்திருந்தது சாட்சாத் பரோடியேதான். கூட அவனுடைய ஒன்றுவிட்ட தம்பி ஒருவன். எங்கள் நாட்டுக் கப்பலில் சமையல்காரனாக இருந்தவன். அவனுக்குத் தெரிந்த எங்கள் பாஷையில் பாதி கெட்ட வார்த்தை. அதைக் கொண்டே எல்லாவற்றையும் மொழிபெயர்த்தான். பரோடி எங்களைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போனான். ரேடியோவில் கிரெஸ்டன் சொன்னதை இத்தாலியப் பத்திரிகைகள் போட்டிருந்தன. அதைப் படித்த நாளிலிருந்து இந்த மனுஷனைப் பார்க்க வேண்டும் என்று அவன் அம்மா சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

அந்த அம்மாள் மேஜை நிறையச் சமைத்து வைத்திருந்தாள். கறி அடைத்த மாவுப் பண்டம், முயல் குழம்பு, எண்ணெயில் மின்னும் ரொட்டி. நானும் விகோவும் கை வைத்தோம். சண்டைக்காரர்கள் இருவரும் வெறும் தட்டுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் இருவருக்குமே தராசு. என் முள்கரண்டி தட்டிலிருந்து வாய்க்குப் போகிற வழியெல்லாம் இரண்டு ஜோடிக் கண்களும் கூடவே வந்தன.

பரோடி தம்பியிடம் ஏதோ சொன்னான். தம்பி கிரெஸ்டனிடம் சொன்னான்: "உங்க மச்சான் இன்னொரு வாய் தின்னா, நாளைக்கு வரைக்கும் காத்திருக்காம இப்பவே அந்த நாசமாப் போன ஆள அடிப்பேங்கிறாரு."

"நானும் கூட வர்றேன்னு சொல்லு" என்றான் கிரெஸ்டன்.

அந்த அம்மாளுக்கோ கோபம். "பச்சத் தண்ணிகூட இல்லாம சண்டை போடற வேலைய எந்தப் பைத்தியக்காரன் கண்டுபிடிச்சான்?" என்று இருவரையும் சேர்த்தே திட்டினாள்.

கிரெஸ்டன் தன் வாழ்க்கையில் போட்ட மிக நல்ல சண்டை அதுதான். நான் அவன் பக்கத்து ஆள் என்பதற்காகச் சொல்லவில்லை. அன்று பரோடி நகர்கிற இடத்துக்கு அவனுக்கு முன்பே கிரெஸ்டனின் இடது கை போய்ச் சேர்ந்திருந்தது. பதினோராவது ரவுண்டில் பரோடி விழுந்தான். கிரெஸ்டன் மூலைக்கு நடக்கும்போது அவன் உதடு அசைந்ததை நான் பார்த்தேன். பரோடி எழுந்தான், கடைசிவரை தாக்குப் பிடித்தான். ஆனால் மணி அடித்தபோது எங்கள் மூலையில் விகோ அழுதுகொண்டிருந்தார்.

தீர்ப்பு பரோடிக்கு.

ஜெனோவாக்காரர்களே விசில் அடித்துக் கூவ ஆரம்பித்தார்கள். நடுவர்களின் மேஜை மேல் ஆரஞ்சுப் பழங்கள் வந்து விழுந்தன. விகோ கயிற்றைத் தாண்டி அவர்கள் மேல் பாயப் போனார். அறுபது வயது மனிதரை நான் இடுப்பைப் பிடித்து இழுத்து நிறுத்த வேண்டியதாயிற்று. கிரெஸ்டன் மட்டும் சிரித்தான். உதடு கிழிந்திருந்ததால் சிரிக்க வலித்தது. வலியோடு சிரித்தான்.

பிறகு உடை மாற்றும் எங்கள் அறைக்குப் பரோடி வந்தான், ஒரு கண் மூடிப்போய், தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு. கதவைச் சாத்தச் சொன்னான்.

"நீதான் ஜெயிச்சேன்னு சொல்றாரு" என்றான் தம்பி. "ஆனா உன்ன மாதிரி ரேடியோவுல அவரால சொல்ல முடியாதாம். மூணு புள்ளைங்க. பட்டம் இருந்தாத்தான் அடுத்த சண்டை கிடைக்கும். அதனால உன்கிட்ட மட்டும் சொல்றாராம்."

கிரெஸ்டன் தலையாட்டினான். "என்கிட்ட சொன்னா போதும்னு சொல்லு. அம்மாவ ரெண்டு தட்டு எடுத்து வைக்கச் சொல்லு. இப்ப சாப்பிடலாம்."

பரோடி வீட்டிலேயே இருவரும் சாப்பிட்டார்கள். பார்க்கப் பயமாக இருந்தது.

ஊர் திரும்பிய ரயில் எஸ்பியெரில் நின்றபோது, யாரோ அமைச்சர் வருகிறார் போலிருக்கிறது என்றுதான் நினைத்தோம். நடைமேடையில் நிற்க இடமில்லை. தீயணைப்புப் படையின் பாண்டு வாத்தியம், கொடிகள், பள்ளிக்கூடப் பிள்ளைகள். மேயர் இந்தத் தடவை குடையில்லாமல் நின்றார். "திருட்டுப் பசங்க! நம்ம பட்டத்தத் திருடிட்டானுங்க!" என்று லௌஸ்ட் கத்திக்கொண்டே வந்து கிரெஸ்டனைத் தோளில் தூக்கிக்கொண்டான். கூட்டத்துக்கு மேலே ஆடியபடி கிரெஸ்டன் என்னைத் தேடிப் பிடித்துக் கேட்டான்:

"மச்சான், நாம ஜெயிச்சுட்டமா என்ன?"

"இல்லடா. தோத்துட்டோம்."

"அப்ப எதுக்கு இத்தனை கூட்டம்?"

எனக்கும் தெரியவில்லை. ஜெயித்து வந்தவனை மழையில் நிற்க வைத்தவர்கள், தோற்று வந்தவனைத் தரையில் விடவில்லை. அக்கா கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து, அவன் முகத்தைக் கீழே இழுத்து, வீங்கியிருந்த இடது கண்ணின் இமையை விரித்துப் பார்த்தாள். "என் கை தெரியுதா? எத்தனை விரலு?" அவன் சரியாகச் சொன்ன பிறகுதான் அழுதாள்.

அந்த இடது கண்தான் இரண்டு வருஷம் கழித்து அவன் சண்டையை முடித்து வைத்தது. பார்வை மங்குகிறது, இன்னொரு அடி தாங்காது என்றார் டாக்டர். கிரெஸ்டன் பெரிதாக வருத்தப்படவில்லை. துறைமுகத்தார் அவன் பெயரை உத்தேசித்து, மீன் ஏலம் கூவுகிற வேலையைக் கொடுத்தார்கள். அது ஒரு பருவம்கூட ஓடவில்லை. "இந்தப் பெட்டி நல்லா இருக்கு. பக்கத்துல இருக்கறது முந்தாநாள் மீனு, வாங்காதீங்க" என்று அவன் ஏல மேடையிலிருந்தே கூவினான். படகுக்காரர்கள் ஒன்றாகச் சேர்ந்து போய், இந்த மனிதனை எங்கே வேண்டுமானாலும் வையுங்கள், வாய்க்கு வேலை இல்லாத இடமாக வையுங்கள் என்று கெஞ்சினார்கள். ஐஸ் தொழிற்சாலையில் போட்டார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தான்.

போன வருஷம் ஒரு பத்திரிகைக்காரப் பெண் அவன் வீட்டுக்கு வந்தாள். காபியும் கேக்கும் வைத்துவிட்டு அக்கா சுவரோரம் உட்கார்ந்துகொண்டாள். "உங்க சண்டையிலயே எதை மறக்க முடியாது?" என்று அந்தப் பெண் கேட்டாள். கோபன்ஹேகனைச் சொல்வானா ஜெனோவாவைச் சொல்வானா என்று நானும் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"கோல்டிங் ஊர்ல ஒரு சண்டை" என்றான். "யாரோட போட்டேன்னு ஞாபகம் இல்ல. ஆனா முடிஞ்சு வெளிய வந்தா, வாசல்லயே சாசேஜ் வண்டி. கடுகு சாந்து தொட்டு ஆறு தின்னேன்."

"எட்டு" என்றாள் அக்கா. "அன்னைக்கு நீயே வந்து சொன்னே."

"ஆமா, எட்டு" என்றான் கிரெஸ்டன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே எட்டு என்று எழுதிக்கொண்டாள்.