புழு இல்லாத மீன்கள்

சின்ன மாமாவைப் பற்றி யாராவது கேட்டால் அம்மா பேச்சை மாற்றிவிடுவாள். தம்பி எம்.எஸ்சி. முடித்துவிட்டுக் கடல்மீன் குடலில் புழு எண்ணுகிறான் என்று கள்ளக்குறிச்சியில் எப்படிச் சொல்வது? மாமாவுக்கு மட்டும் அதில் துளி வெட்கமில்லை. அந்தப் புழுக்களை எண்ணி முடித்தால்தான் அவருக்கு டாக்டர் பட்டம்.

இடஒதுக்கீடு கேட்டு மரங்களை வெட்டி ரோட்டில் போட்ட காலம் அது. கலாட்டாவுக்குப் பயந்து கடலூரில் மாமாவின் ஹாஸ்டலை மூடிவிட்டார்கள். எண்ணவேண்டிய கடைசிக் கூடை சங்கரா மீனை ஐஸ் பெட்டியில் அடுக்கி, கடல் பார்க்க வந்திருந்த என்னையும் இழுத்துக்கொண்டு மாமா ஊருக்குப் பஸ் ஏறினார். தியாகதுருகம் தாண்டியதும் குறுக்கே ஒரு புளியமரம் கிடந்தது. அதன் பக்கத்தில் நடுரோட்டிலேயே அடுப்பு மூட்டி, போராட்டக்காரர்கள் சோறு பொங்கிக்கொண்டிருந்தார்கள். ஐஸ் கரைவதற்குள் வீடு சேரவேண்டுமே என்று மாமா பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார்.

“பொட்டியில இன்னாங்க?” என்று மறித்தார் தலைவர்.

“மீனுங்க. ஆராய்ச்சிக்கு எடுத்துக்கினு போறேன். துன்றதுக்கு ஆவாதுங்க, உள்ள புழு இருக்கும்.”

யாரும் நம்பவில்லை. மாமா ஒன்றை அறுத்துக் காட்டினார். ஒன்றுமில்லை. அடுத்ததிலும் இல்லை. கூட்டம் சிரித்தது. மூன்றாவதில் நூல்கண்டு மாதிரி புழுக்கள் நெளிந்தன. மாமாவுக்கு வந்ததே உற்சாகம்!

“பாத்தீங்களா? எல்லா மீனுக்கும் சமமா பிரிஞ்சி போவாதுங்க. முக்காவாசி மீனுல ஒண்ணுமே இருக்காது. நாலஞ்சி மீனுலயே மொத்தமும் குவிஞ்சிக்கினு கெடக்கும்.”

தலைவர் மரத்தின் மேல் ஏறிவிட்டார். “கேட்டுக்கினீங்களா? கடல்ல கூட இதே அநியாயந்தான்! நாலு பேரு சுருட்டிக்கினான், மத்தவனுக்கு ஒண்ணுமில்ல!”

விசில் பறந்தது. மாமாவின் தோளில் ஒரு துண்டு விழுந்தது. மாமாவைப் பெட்டியோடு சைக்கிளில் கொண்டுபோய் விடச் சொல்லி உத்தரவும் ஆனது. மாமா முகத்தில் அப்போதுதான் நிம்மதி வந்தது.

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. “புழு இல்லாத மீனுதானங்க நல்ல மீனு?” என்று கேட்டேன்.

தலைவர் என்னைப் பார்த்தார். பிறகு அடுப்பைப் பார்த்தார்.

“பாப்பா சொல்றது நாயந்தான். டேய், நல்ல மீனா பாத்து எடுங்கடா.”

மரம் வெட்டிய கொடுவாளே மீனையும் வெட்டியது. “புழு இல்லாத மீனும் கணக்குல வரணுங்க! ஒவ்வொண்ணா அளக்கணுங்க, கொடலை லென்ஸுல பாக்கணுங்க!” என்று மாமா குறுக்கே குறுக்கே ஓடினார். குடலெல்லாம் காக்கைக்குப் போயிற்று. புழு இருந்த மீன்களை மட்டும் பொறுக்கி, மிகுந்த மரியாதையோடு பெட்டியில் திருப்பி வைத்தார்கள்.

குழம்பு அமர்க்களம். நான் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். மாமா தட்டைத் தொடவில்லை. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு காக்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், புழுவைப் பார்த்துப் பார்த்து மாமாவுக்கு மீனே பிடிக்காமல் போய்விட்டது என்று நினைத்து, அவர் பங்கையும் நானே தின்றேன்.