உட்கார்ந்தே ஏறிய மலை

எங்கள் பக்கத்து ஆட்கள் மலை ஏறப் போகிறோம் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் உடனே அருவியையும் குளிரையும் நினைத்துக்கொள்வார்கள். அதெல்லாம் மேற்கே போகிறவர்களுக்கு. நாங்கள் ஏறியவை மொட்டை மலைகள். சாத்தூரைத் தாண்டி, பஸ் எட்டிப் பார்க்காத காட்டுக்குள் தன்னந்தனியாக நிற்கும் பாறைக் குன்றுகள். ஒதுங்க நிழல் கிடையாது, நாக்கை நனைக்கத் தண்ணீர் கிடையாது. உடைமுள்ளும் கள்ளியும் மட்டும் செழிப்பாக இருக்கும்.

மற்ற கம்பெனிக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை ஆனால் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போய்க் கிடா வெட்டிச் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். எங்கள் பட்டாசுக் கம்பெனியில் ஒன்பது பேருக்கு மட்டும் இந்தக் கிறுக்கு. ஆறு நாளும் சின்ன அறைக்குள் வெடிமருந்துத் தூசியில் குனிந்தே கிடப்பவனுக்கு, உச்சியில் நின்று நாலு பக்கமும் பார்ப்பது என்ன சுகம் என்று கிடாக்கறி தின்கிறவனிடம் சொல்லிப் புரியவைக்க முடியாது. நான் சொல்லிப் பார்த்துச் சண்டையில்தான் முடிந்திருக்கிறது.

ஒன்பது பேர் என்றேன். உச்சிக்குப் போனவர்கள் எட்டுப் பேர். ஒன்பதாவது ஆள் நான். இரண்டாயிரத்துக்கு அப்புறம் வந்த மூன்றாவது வருஷமோ நான்காவது வருஷமோ, வேறொரு கம்பெனியில் இருந்தபோது நடந்த விபத்தில் என் இடது கால் வெந்து, முட்டி மடங்காமல் போய்விட்டது. அதனால் அடிவாரத்தில் பைகளைப் பார்த்துக்கொண்டு, மூன்று கல் கூட்டிச் சாம்பார் சாதம் கிண்டுவது என் வேலை. அப்படி நான்கு மலைக்குப் போனேன். நான்கு உச்சியையும் அண்ணாந்துதான் பார்த்தேன். அவர்கள் இறங்கி வந்து, அங்கன நின்னா அது தெரியுது, இது தெரியுது என்று அளந்துகொண்டே என் சோற்றை அள்ளி அள்ளித் தின்பார்கள். எனக்கு வயிறு பற்றி எரியும்.

ஐந்தாவது மலைக்குக் கிளம்பும்போது சட்டி பானையைத் தூக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். “நானும் உச்சிக்கு வாறேன். சோறு வேணும்னா அவுகவுக வீட்டுல கட்டிக்கிட்டு வாங்க.”

கூட்டத்துக்குத் தலைவர் எங்கள் போர்மேன் அண்ணாச்சி. நல்ல மனுஷன். ஆனால் நல்ல மனுஷர்கள்தான் நம்மை உட்கார வைத்துவிடுவார்கள். “பாதி வரைக்கும் வாங்க, பெறகு பாப்போம்” என்றார்.

பாதி வருவதற்குள் வெயில் உச்சந்தலைக்கு வந்துவிட்டது. காரணம் நான்தான். ஒரு பெரிய பாறையின் மறைவில் எல்லோரும் நின்றார்கள். என் மனைவியின் தம்பி, அவனும் எங்கள் கம்பெனிதான், தன் பையை என் பக்கத்தில் வைத்தான்.

“மச்சான், நீங்க இங்கன உக்காருங்க. நாங்க வெரசா போயிட்டு வந்துர்றோம்.”

“எதுக்குலே உக்காரணும்?”

“மேல ரொம்பச் செங்குத்தா இருக்கு மச்சான். அக்காவுக்கு யாரு பதில் சொல்லுறது?”

நான் நன்றாகத் திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. மலைக்கு அந்தப் பக்கம் கல்குவாரி இருந்தது எங்கள் யாருக்கும் தெரியாது. பாறைக்கு வெடி வைத்திருக்கிறார்கள்.

வேறு ஊர்க்காரர்கள் என்றால் என்ன சத்தம் என்று திரும்பிப் பார்த்திருப்பார்கள். எங்கள் ஆட்கள் பார்க்க மாட்டார்கள். வெடிச் சத்தம் கேட்டால் யோசிக்காதே, கையில் இருப்பதைப் போடு, உன் பக்கத்து வாசல் வழியாக வெளியே ஓடு, கூட்டமாக ஓடாதே. வேலைக்குச் சேர்ந்த அன்றே எங்களுக்குச் சொல்வது இதுதான். எட்டுப் பேரும் பைகளைப் போட்டுவிட்டு ஆளுக்கொரு திசையில் இறங்கி ஓடினார்கள். அண்ணாச்சி அந்த வயதில் அப்படி ஓடுவார் என்று நான் நினைத்ததே இல்லை.

என் உடம்பும் ஓடத்தான் எழுந்தது. கால் எழவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கண்ணை இறுக மூடிக்கொண்டேன். மருந்து வாடை வருமென்று காத்திருந்தேன், வரவில்லை. கண்ணைத் திறந்தால் அந்தப் பக்கத்திலிருந்து வெள்ளைப் புழுதி மட்டும் எழும்பிக்கொண்டிருந்தது.

முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் கோபம் வந்தது. அதற்கும் அப்புறம்தான், என்னை உட்காரச் சொல்ல இப்போது பக்கத்தில் ஒருவரும் இல்லை என்பது உறைத்தது.

நின்று ஏற முடியாத இடத்தில் மலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். இரண்டு கையையும் பின்னால் ஊன்றி, நல்ல காலால் உந்தி, ஒரு சாண் மேலே. மறுபடி ஒரு சாண். பாறை கொதித்தது. உள்ளங்கைத் தோல் உரிந்தது, கைலியின் பின்பக்கம் கந்தலாகிவிட்டது. ஆனால் இப்படி ஏறுவதில் ஒரு வசதி, கீழே நடப்பதெல்லாம் கண்ணுக்கு நேரே தெரியும்.

அடிவாரத்தில் ஒவ்வொருவராகக் கூடினார்கள். அண்ணாச்சி தலை எண்ணினார். கம்பெனியில் வெடித்தாலும் முதல் வேலை அதுதான். ஒரு முறை எண்ணினார், மறுபடியும் எண்ணினார். அப்புறம் எல்லோரும் பதறிக்கொண்டு பாதிப் பாறைக்கு ஓடி வந்தார்கள். அங்கே பைகள் கிடந்தன, நான் இல்லை. என் மச்சினன் பாறைக்குக் கீழே எட்டிப் பார்த்து “மச்சான், மச்சான்” என்று கத்தினான். குரல் உடைந்துவிட்டது.

நான் ஒரு குரல் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. கொடுத்தால் ஏறி வந்து தோளில் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். பாவம்தான் செய்தேன், ஒப்புக்கொள்கிறேன். இன்னும் பத்து முழம்தான் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினேன்.

முதுகுக்குப் பின்னால் பாறை தீர்ந்து, காற்று வந்து மோதியது. திரும்பிப் பார்த்தேன். எனக்கு மேலே ஒன்றுமே இல்லை. எழுந்து நின்றேன். கிழக்கே கண்ணுக்கெட்டிய வரை செம்மண்ணும் கரிசலும். வடக்கே ஒரு கோடு மாதிரி ரயில் போய்க்கொண்டிருந்தது. அதற்கப்புறம்தான் கத்தினேன்.

“ஏலே மாப்ளே, இங்கன பாருங்கலே.”

எட்டுத் தலையும் ஒன்றாக நிமிர்ந்தன. என் வாழ்நாளில் அப்படி என்னை அண்ணாந்து பார்த்தவர்கள் கிடையாது. பெரிதாகச் சிரித்தேன், கண்ணிலிருந்து தண்ணீரும் கொட்டியது. வெட்கப்படவில்லை.

பைகளைத் தூக்கிக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். மச்சினன் என் கையைப் பிடித்துத் தோல் உரிந்த இடத்தைப் பார்த்தான்.

“ஒங்கள விட்டுட்டு ஓடிட்டோம் மச்சான்.”

“முடிஞ்சிருந்தா ஒனக்கு முன்னால நான் ஓடியிருப்பேன்லே. விடு.”

அண்ணாச்சி கட்டுச்சோற்றைப் பிரித்து, முதல் கவளத்தை என் கையில் வைத்தார்.

இறங்கும்போது என்னை முன்னால் விட்டார்கள். ஏறியதைவிட இறங்க அதிக நேரம் ஆனது. என் காலுக்கு அது சகஜம். வெயில் சாய்ந்து, எங்களைக் கூட்டி வந்த வேன்காரர் கீழேயிருந்து ஹாரன் அடிக்கத் தொடங்கிவிட்டார். எட்டுப் பேரும் வரிசையாக என் பின்னால் வந்தார்கள். அடிவாரம் வரைக்கும் ஒருவர்கூட என்னைத் தாண்டிப் போகவில்லை.