பாடம் இல்லாத கெம்பஸ்

எங்கள் ஊரில் பல்கலைக்கழகம் வரும் முன்பே அதன் நிகழ்ச்சிகள் வந்துவிட்டன. அவற்றைப் பலகையில் எழுதி வைத்தவன் நான்.

எண்பதுகளின் தொடக்கம். மலைநாட்டில் நாலு வருடம் படித்து, வரலாற்றில் பட்டம் வாங்கிக்கொண்டு கிழக்குக் கரையில், கல்முனையில் வேலையில்லாமல் இருந்தேன். அந்த நேரத்தில்தான் எங்கள் கரைக்கும் ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று ஒரு குழு கிளம்பியது. வேண்டும்தான், அதில் எனக்கு இன்றும் மறுப்பில்லை. பெண்பிள்ளைகளை அவ்வளவு தூரம் அனுப்ப மனமில்லாமல் வீட்டோடு நிறுத்திய குடும்பங்கள் ஒவ்வொரு தெருவிலும் இருந்தன. ஆனால் குழுவில் இருந்தவர்களுக்குத் தேவைப்பட்டது பல்கலைக்கழகம் அல்ல, அதன் பதவிகள்.

தலைவர் அரிசி மில் முதலாளி. ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர் என்பதால் எல்லோருக்கும் ஹாஜியார். செயலாளர் ஓய்வுபெற்ற ஒரு பாடசாலை அதிபர். அவர் முதல் கூட்டத்திலேயே தன்னைப் பதிவாளர் என்று அழைக்கச் சொல்லிவிட்டார். இரும்புக்கடைக்காரர் பொறியியல் பீடத்தை எடுத்துக்கொண்டார். மருத்துவ பீடம் யாருக்கு என்பதில் மருந்துக்கடைக்காரருக்கும் முறிவு நெரிவுக்கு எண்ணெய் போடும் பரியாரியாருக்கும் மூண்ட சண்டை, இருவரில் ஒருவர் சாகும்வரை தீரவில்லை.

ஊர் எல்லையில் ஹாஜியாருக்குப் பழைய நெல் களஞ்சியம் ஒன்று கிடந்தது. அதற்குச் சுண்ணாம்பு அடித்து, முகப்பில் பெயர்ப்பலகை தொங்கவிட்டு, "கெம்பஸ்" என்றார்கள். உள்ளே போனால் உமித்தூசியில் தும்மல் வரும். மேசை ஒன்று, உட்கார வாங்குகள் நாலு, கண்ணாடி அலுமாரி ஒன்று. அலுமாரியில் பழைய டெலிபோன் புத்தகமும் யாரோ கொடுத்த சட்டப் புத்தகத்தின் இரண்டாம் பாகமும் இருந்தன. அதுதான் நூலகம்.

என் கையெழுத்து அழகு என்று கேள்விப்பட்டு ஹாஜியார் ஆள் அனுப்பினார்.

"தம்பி, மந்திரிமார் வந்து பாக்கக்குள்ள கெம்பஸ் எண்டா உசிரோட இரிக்கணும்," என்றார். "பாடம் மறுகா வரும். முதல்ல நிகழ்ச்சி. நீங்க கிழமைக்குக் கிழம எழுதிப் போடுங்க. உங்களுக்கு வாத்தியார் வேல எடுத்துத் தாறத நான் பாத்துக்கிறன்."

பல்கலைக்கழகம் என்றால் என்ன என்று அந்தக் குழுவில் தெரிந்த ஒரே ஆள் நான். தலையாட்டிவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன்னால் கரும்பலகையைத் துடைத்து, "எதிர்வரும் நிகழ்வுகள்" என்று வெள்ளையிலும் சிவப்பிலும் எழுதுவேன். தொழுகை முடிந்து போகிறவர்கள் நின்று வாசிப்பார்கள். ஒரு வாரம் கரப்பந்துப் போட்டி. கெம்பஸ் அணி என்று இறங்கியவர்கள் மில்லில் மூட்டை தூக்குபவர்கள். நன்றாக ஆடினார்கள். அந்த இடத்தில் உருப்படியாக எதையாவது செய்தவர்கள் அவர்கள் மட்டும்தான். இன்னொரு வாரம் "கல்வியா செல்வமா" என்று பட்டிமன்றம். நடுவர் ஹாஜியார். செல்வம் என்று தீர்ப்புச் சொன்னார். கவியரங்கு என்றால் ஹாஜியாரைப் பற்றி ஏழு பேர் ஏழு விதமாகப் பாடுவது. எல்லா நிகழ்வுக்கும் ஒலிபெருக்கி உண்டு, கடிக்கப் பட்டிஸ் உண்டு, குடிக்கப் பிளேன்டீ உண்டு. மாணவர்கள் மட்டும் இல்லை.

அந்தக் குறை பதிவாளருக்கும் உறுத்தியிருக்க வேண்டும். "புதுமுக மாணவர் வரவேற்பு" என்று எழுதச் சொன்னார். குழுவினரின் மகன்மார், மருமகன்மார் பத்துப் பேரை வெள்ளைச் சட்டையில் உட்கார வைப்பது திட்டம். அதில் இருவர் எட்டாம் வகுப்போடு நின்றவர்கள்.

வரவேற்பு அன்று காலை, யாரும் எதிர்பாராமல், உண்மையான மாணவி ஒருத்தி வந்தாள்.

சவளக்கடையில் இருந்து முதல் பஸ்ஸில் வாப்பாவோடு வந்திருந்தாள். வாப்பா வயல்காரர். வேட்டியின் கரையில் சேறு காய்ந்த கறை. கையில் பொலித்தீன் பை, அதற்குள் மகளின் சான்றிதழ்கள் எல்லாம். இரண்டு தரம் ஏ.எல். சோதனை எழுதி, இரண்டாம் தரம் சில புள்ளிகளில் பல்கலைக்கழக இடம் தவறியவள். எங்கள் பலகையைச் சந்தைக்கு வந்த யாரோ வாசித்துப் போய்ச் சொல்லியிருக்கிறார்கள்.

பதிவாளர் முகத்தில் பெருநாள் பிறை கண்ட களை. பெரிய கொப்பி ஒன்றைத் திறந்து, முதல் பக்கத்தில் அவள் பெயரை எழுதி, இலக்கம் ஒன்று என்று போட்டார்.

"பாடம் எப்ப சேர் துவங்கும்?" என்று வாப்பா கேட்டார்.

"இன்ஷா அல்லாஹ், மூணு மாசத்துக்குள்ள."

அந்தப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "சேர், மூணாந்தரம் சோதின எழுத விண்ணப்பம் நிரப்பி வச்சிரிக்கன். கடைசி நாளுக்கு இன்னம் ரெண்டு கிழமதான் கிடக்கு. அனுப்பவா, விடவா?"

"என்ன கதை புள்ள இது? கெம்பஸில பதிஞ்ச ஆள் மறுகா சோதின எழுதினா, கெம்பஸ நம்பல்ல எண்டுதானே ஆக்கள் கதைப்பாங்க?"

"சேர் சொன்னாச் சரிதான்," என்றார் வாப்பா.

அவள் என்னைப் பார்த்தாள். நான் பட்டதாரி என்று பதிவாளர் ஏற்கெனவே அறிமுகம் செய்திருந்தார். அனுப்புங்கள் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். நான் வாங்குகளை நேராக்கிக் கொண்டிருந்தேன். நாலே வாங்கு. அவற்றை நேராக்க எவ்வளவு நேரம் எடுக்க முடியுமோ அவ்வளவு நேரம் எடுத்தேன்.

அதன் பிறகு அவர்கள் எல்லா நிகழ்வுக்கும் வந்தார்கள். அவள் முன்வாங்கில் கொப்பியும் பேனாவுமாக இருந்து பட்டிமன்றத்தைக் கேட்டாள். கவியரங்கில் எதைக் குறிப்பெடுப்பது என்று தெரியாமல் பேனாவை மூடி வைத்ததைப் பார்த்தேன். ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டாள்.

"சேர், நீங்க படிச்ச கெம்பஸிலயும் பாடத்துக்கு முதல் இப்பிடித்தானா?"

"கொஞ்சம் பொறுங்க தங்கச்சி," என்றேன். ஹாஜியாரின் சோற்றை அதுவரை நான் தின்றதில்லை. ஆனால் அவருடைய குரல் எனக்கு வந்துவிட்டிருந்தது.

மூன்றாம் மாதம் பாடம் வரவில்லை, அமைச்சர் வருகை வந்தது. பலகை போதாது என்று துணியில் எழுதி வாசலில் கட்டினேன். முதல் மாணவி வரவேற்புரை சொல்வதாக ஏற்பாடு. உரையைப் பதிவாளரே எழுதிக் கொடுத்தார். அதில் "இக்கலைக்கூடத்தில் நான் பெற்ற கல்வி" என்று ஒரு வரி. அவள் அதை வெட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"நான் இஞ்ச ஒண்டும் படிக்கல்லயே சேர்."

"அது பேச்சுக்கு அழகு புள்ள," என்று சொல்லிப் பதிவாளர் அந்த வரியை மறுபடி எழுதினார்.

அமைச்சர் காலை பத்து மணிக்கு வருவார் என்றார்கள். நண்பகல் லுஹர் தொழுகை முடிந்தது. அமைச்சருக்கு வாங்கிய மாலை வாடியது. வெள்ளைச் சட்டைப் பையன்கள் ஒவ்வொருவராகக் கழன்று கடற்கரைப் பக்கம் போனார்கள். அவளும் வாப்பாவும் மட்டும் இருந்த இடத்தில் இருந்தார்கள். பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு ஹாஜியார் காரில் வந்து இறங்கினார், வாய் நிறைய வெற்றிலை, முகம் நிறையச் சிரிப்பு. அமைச்சர் அவர் வீட்டில் புரியாணி சாப்பிட்டு, சற்றுச் சாய்ந்து எழும்பி, அப்படியே கொழும்புக்குத் திரும்பியிருக்கிறார். கெம்பஸ் இருந்த தெருப் பக்கமே வரவில்லை.

"நல்ல திருப்தியாப் போனாரு," என்றார் ஹாஜியார். "இன்னம் நிறைய நிகழ்ச்சி செய்யச் சொன்னாரு."

பஸ் நிலையம்வரை அவர்களோடு நடந்தேன். வாப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, நீங்க படிச்ச ஆள். உள்ளதச் சொல்லுங்க. பாடம் எப்ப?"

"துவங்காது காக்கா."

"இது எப்ப தெரியும் உங்களுக்கு?"

"முதல்ல இரிந்தே தெரியும்."

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். என்னை மேலும் கீழும் பார்த்தார், பூச்சி விழுந்த நெற்கதிரைப் பார்ப்பதுபோல.

"ஹாஜியாருக்குக் கெம்பஸ் எண்டா என்னண்டு தெரியா. அந்தப் பதிவாளரு பெருமைக்கு அலையிற மனிசன். நீங்க எல்லாம் தெரிஞ்ச ஆள். தெரிஞ்சிக்கிட்டு வடிவா எழுதி வச்சிரிக்கீங்க."

"வாங்க வாப்பா, பஸ் வந்திட்டு," என்றாள் மகள். விண்ணப்பத்துக்கான நாள் எப்போதோ கடந்திருந்தது.

அன்றே நான் விலகியிருக்க வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமை கரப்பந்துப் போட்டி என்று எழுதினேன். இரண்டு மாதத்தில் என் நியமனக் கடிதம் வந்தது. ஹாஜியார் சொன்ன சொல் தவறாதவர், எனக்கு மட்டும்.

நியமனம் கிடைத்த பாடசாலை நாவிதன்வெளிப் பக்கம், சவளக்கடைக்கு அருகில். அங்கே ஓர் ஆசிரியை மூலம், அந்தச் சவளக்கடைப் பெண் வீட்டில் இருந்தே படிக்கிறாள், அடுத்த வருடம் மூன்றாந்தரம் எழுதப் போகிறாள் என்று அறிந்தேன். என் மனச்சாட்சிக்குக் கொஞ்சம் தீனி போடலாம் என்று பழைய வரலாற்றுக் குறிப்புகளைத் தூசி தட்டிக் கட்டி, சைக்கிளில் சவளக்கடைக்குக் கொண்டு போனேன். வாப்பா வாசல் கடப்படியில் வைத்தே வாங்கி, மேல் தாளைப் புரட்டிப் பார்த்துத் திருப்பித் தந்தார்.

"தம்பி, எங்கட புள்ள படிக்கிற கணக்கு."

மூன்று மாதம் அவள் முன்வாங்கில் இருந்திருக்கிறாள். என்ன பாடம் படிக்கிறாய் என்று பதிவாளர் கேட்கவில்லை, ஹாஜியார் கேட்கவில்லை. பலகை எழுதிய பட்டதாரியும் கேட்கவில்லை. அந்தக் கட்டைச் சுமந்துகொண்டு வெயிலில் திரும்பினேன்.

மூன்றாந்தரச் சோதனையில் அவள் சித்தியடைந்தாள், மலைநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கே தெரிவானாள். வாப்பாவே கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தார். செய்தி கல்முனைக்கு வந்த வாரமே குழு கூடி, "எமது கெம்பஸின் முதல் மாணவிக்குப் பாராட்டு விழா" என்று தீர்மானித்தது. பலகை எழுதக் கூப்பிட்டார்கள். காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன். மாட்டேன் என்று சொல்ல அப்போதும் நாக்கு எழும்பவில்லை. வாப்பாவை அழைக்கப் போன பதிவாளரிடம் அவர், அறுவடை நேரம், விளையாட நேரமில்லை என்று சொல்லியிருக்கிறார்.

விழா நடந்தது. காய்ச்சல் என்று சொன்ன நான் போய்ப் பின்வரிசையில் இருந்தேன். பெண் இல்லாததால் மாலையைப் பதிவாளருக்குப் போட்டார்கள், அவளைச் சேர்த்தவர் அவர்தானே என்று. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

முடிந்து கலையும்போது ஹாஜியார் என் தோளில் கை வைத்தார். "தம்பி, உங்கட பள்ளிக்கூடம் அந்தப் பக்கம்தானே. லீவுக்கு அவ வந்தா ஒருக்கா கூட்டிக்கிட்டு வாங்க. ஒரு பேச்சு வைப்பம்."

"பாப்பம் ஹாஜியார்," என்றேன்.

அவள் லீவுக்கு வந்தாள் என்று கேள்விப்பட்டேன். நான் போகவில்லை. காய்ச்சல் என்று தப்பிய அந்தப் பலகையை விட்டால், அந்தக் குழு சொல்லி நான் செய்யாமல் விட்ட வேலை அது ஒன்றுதான்.