பிளாஷ் இல்லாத முகூர்த்தம்

மொரீஷியஸில் கல்யாணப் போட்டோக்காரனை எடைபோட அப்போதெல்லாம் இரண்டே கேள்விகள்தான்: லென்ஸ் எவ்வளவு நீளம், பிளாஷ் எவ்வளவு பலம். நானோ மதுரையிலிருந்து பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்க வந்தவன். மோகாவில் குடியிருந்து, வார இறுதிகளில் கல்யாணங்களில் படம் எடுப்பேன். அந்த இரண்டு கேள்விகளிலும் நான் தேறியதில்லை.

புது லென்ஸ் வாங்கப் போர்ட் லூயி கடைக்குப் போனபோது என் மனைவியும் கூட வந்தாள். அவள் இந்தத் தீவிலேயே பிறந்தவள். புதிது புதிதாக ஆயத்த ஆடை ஆலைகள் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. அவற்றில் ஒன்றில் ஒரு வரிசைத் தையல் மெஷின்களை மேய்ப்பது அவள் வேலை. கடைக்காரர் எடுத்ததும் நீட்டியது, இழுத்தால் முழ நீளத்துக்கு வளரும் ஜூம். பக்கத்தில் இருப்பது, தூரத்தில் இருப்பது எல்லாம் இதிலேயே வரும், சுற்றுலா வருகிறவர்கள் இதைத்தான் கேட்டு வாங்குகிறார்கள் என்றார். கண்ணில் வைத்துப் பார்த்தேன். இழுக்க இழுக்க உள்ளே இருட்டிக்கொண்டே போனது. கடற்கரை வெயிலில் நிற்கிறவனுக்கு அது போதும். நான் நிற்கப்போவது கோயில் மண்டபத்தில்.

அலமாரி மூலையில் குட்டையாக, தடியாக இன்னொன்று கிடந்தது. முப்பத்தைந்து மில்லிமீட்டரிலிருந்து எழுபது வரைதான் போகும். ஆனால் எந்தக் கோடிக்குத் திருப்பினாலும் வெளிச்சம் நுழையும் துளை சுருங்காது, இரண்டு புள்ளி எட்டுதான். வெளிச்சம் வாங்குவதில் குறையே வைக்காது. விலை மட்டும் மற்றதைவிட ஏகத்துக்கு அதிகம். விளக்குப் போடாத சரக்கு அறை வாசலில் மனைவியை நிற்கச் சொல்லி அதன் வழியே பார்த்தேன். அவளுடைய இமைமயிர் தெரிந்தது. பொறுமை போய்க்கொண்டிருந்ததும் தெளிவாகவே தெரிந்தது.

வாங்கிப் பார்த்தவள், குட்டை, கனம், வீட்டில்தான் ஏற்கெனவே இப்படி ஒன்று இருக்கிறதே என்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கடைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு ரோஷம் வந்துவிட்டால் காரியம் சட்டென்று நடக்கும். யானையை வாங்கியவன் அங்குசத்துக்கு யோசிப்பதா என்று சொல்லி, குட்டையையே கட்டச் சொன்னேன்.

அதற்குச் சில வாரங்களுக்குப் பின், தமிழ்நாட்டிலிருந்து எங்கள் கோயிலுக்குப் புதிதாக வந்திருந்த குருக்கள், சன்னதி திறந்திருக்கும்போது மண்டபத்தில் பிளாஷ் போடக்கூடாது என்று சொல்லிவிட்டார். பலத்த பிளாஷ்காரர்கள் எல்லோரும் நழுவினார்கள். அப்படி நட்டாற்றில் விடப்பட்டவர்களில் ஒருத்தி, என் மனைவியின் வரிசையில் தைக்கிற பெண். அவளுடைய அப்பா துறைமுகத்தை ஒட்டிய ரோஷ் புவாக்காரர், அங்கே வேலையில் மூட்டை சரிந்து இடுப்பெலும்பு முறிந்து கட்டிலில் கிடந்தார். கல்யாணத்தைத் தள்ளிப்போடலாம் என்று மகள் சொன்னதற்கு, அவர் ஒப்பவில்லை. தாலி ஏறும்போது மகளின் முகம், அந்த ஒரு படம் எனக்கு வேண்டும், அது போதும் என்றாராம். என்னைக் கேட்காமலே என் மனைவி ஒப்புக்கொண்டு வந்துவிட்டாள். குட்டையைக் கேலி செய்த அதே வாய்தான்.

குருக்களிடம் போனேன். "எடுங்கோ சார், நான் வேண்டாங்கலை. அம்பாள் முன்னாடி மின்னல் வெட்டப்படாது, அவ்வளவுதான்," என்றார். என் லென்ஸுக்கு மின்னலே தேவையில்லை என்று மார்தட்டிவிட்டு வந்தேன். ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. துளையை அவ்வளவு அகலத் திறந்து எடுத்தால் குறி இம்மி பிசகினாலும் மூக்கு தெளிவாக விழும், கண் மங்கிவிடும்.

கல்யாணத்தன்று காலையில், என் கேமரா மின்னவே இல்லை என்பதைப் பெண்ணின் அத்தை முதலில் கண்டுபிடித்தார். இவர் படம் எடுக்கிறாரா, சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறாரா என்று என் மனைவியிடம் விசாரித்தார். அதற்குள் கெட்டி மேளம் முழங்கியது. மாப்பிள்ளை தாலியைப் பெண்ணின் கழுத்தருகே கொண்டுபோனான். அப்படியே நின்றுவிட்டான்.

குருக்கள் கட்டச் சொல்லிக் கையைக் காட்டினார். அவன் அசையவில்லை. உறைந்துபோன சிரிப்போடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகுதான் எனக்கு உறைத்தது. அவன் பார்த்து வளர்ந்த கல்யாணம் எல்லாவற்றிலும் மாப்பிள்ளை தாலியைப் பிடித்தபடி நிற்பான், பிளாஷ் மின்னும், அப்புறம்தான் முடிச்சு விழும். பாவம், அவன் வெளிச்சத்துக்குக் காத்திருந்தான். நான் கத்தியது மேளத்தில் எங்கே கேட்கும்? அட்சதை வேறு முன்கூட்டியே பறக்க ஆரம்பித்துவிட்டது. பெண்ணோ குனிந்த தலையோடு, இறுகிய முகத்தோடு இருந்தாள். அந்த முகத்தைத் தகப்பனிடம் கொண்டுபோய்க் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அவள் தலையை நிமிர்த்தினாள். அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், விஷயம் புரிந்துவிட்டது.

"தோ பே ஆதான் கி? ஆமார் லி," என்றாள். எதுக்குக் காத்திருக்கே, கட்டு என்று கிரியோலில். சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். அவன் திடுக்கிட்டு முடிச்சுப் போட்டான். பக்கவாசல் வெளிச்சமும் குத்துவிளக்கும் அவள் முகத்தில் விழுந்திருந்தன. அழுத்திவிட்டேன்.

படம் கழுவி வந்தபோது லேப் வாசலிலேயே நின்று பார்த்தேன். கண் இரண்டும் துல்லியம். தெருவென்றும் பாராமல் "அப்படிப் போடு" என்றேன். மனைவி படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்துவிட்டு, குட்டை பரவாயில்லை என்றாள். எந்தக் குட்டையை என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அன்றைக்கே ரோஷ் புவா போனோம். தாலி கட்டும் நேரத்தில் பெண் இப்படிப் பல்லைக் காட்டலாமா என்று அத்தை ஏற்கெனவே முகம் சுளித்திருந்ததால், படத்தை நீட்ட நான் சற்றே தயங்கினேன். பெரியவர் படத்தை இரண்டு கைகளாலும் வாங்கி, முகத்துக்கு அருகே வைத்துக்கொண்டார். நான் இல்லாத கல்யாணத்தில் என் பெண் அழுதுகொண்டேதான் கழுத்தை நீட்டியிருப்பாள் என்று ராத்திரியெல்லாம் நினைத்துக் கிடந்தேன் என்று கிரியோலில் சொன்னார். பிறகு கட்டிலே ஆட ஆடச் சிரித்தார். இடுப்பு வலித்தது போலும், சிரிப்பை நிறுத்தத்தான் முடியவில்லை.

"கெத் லி, மிசே," என்று படத்தை என் பக்கம் திருப்பினார், நான் அதைப் பார்த்தே இராதவன் போல. "லி பே ரியே."

பாருங்கள், சிரிக்கிறாள்.