ரிஸ்மாவின் ரத்தத்தில் ஒரு பாசிட்டிவ்

ஒரு துளி ரத்தம் போதும். நேற்று நீங்கள் தின்றது சாளையா நெத்திலியா, அதை வாங்கும்போது மீன்காரியிடம் என்ன கள்ளம் சொல்லி விலை குறைத்தீர்கள் என்பது வரை ஷிபா சொல்லிவிடுவாள். எமனுக்கே ஆள் விஷயத்தில் சந்தேகம் வந்தால், எருமையை மார்த்தாண்டத்தில் கட்டிப் போட்டுவிட்டு, பஸ் பிடித்துத் தக்கலைக்கு வந்து அவளிடம்தான் கேட்பான். அங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனை அறையில் அவளுக்கு வேலை.

அப்படிப்பட்டவளை ஒரு நாள் ஒரு ரிசல்ட் மலைத்துப்போய் உட்கார வைத்துவிட்டது.

ரத்தம் ரிஸ்மாவுடையது. குளச்சலில் கட்டிக்கொடுத்த பெண், தலைப்பிரசவம். ஏழாம் மாதம் ஆனதும் முறைப்படி உம்மா சுலைகா பீவி போய்த் தேங்காப்பட்டணத்துக்கு அழைத்து வந்திருந்தாள். வீடு மாறினால் ஆஸ்பத்திரியும் மாறுமே.

ரிஸ்மாவுக்கு நெகட்டிவ் ரத்தம், மாப்பிள்ளைக்கு பாசிட்டிவ். பிள்ளையின் ரத்தம் தாயின் ரத்தத்தில் கலந்துவிட்டால், அந்நியன் வந்துவிட்டான் என்று தாயின் உடம்பு எதிர்ப்புப் பொருள் உண்டாக்கும். அது வயிற்றுப் பிள்ளையின் சிவப்பணுக்களையே உடைக்கும். அந்தப் பொருள் இருக்கிறதா என்று பார்க்கிற சோதனை இது. நாலாம் மாதம் இல்லை என்று வந்தது. இப்போது இருக்கிறது, பாசிட்டிவ் என்கிறது.

ஷிபா மறுபடி செய்து பார்த்தாள். அந்தப் பொருள் பாசிட்டிவ் ரத்தத்தின் அணுக்களோடு ஒட்டுகிறது. நெகட்டிவ் அணுக்களோடும் ரிஸ்மாவின் சொந்த அணுக்களோடும் ஒட்டவில்லை. சோதனையில் பிழை இல்லை. ஆனால் ஒட்டியதும் அரைமனதாகத்தான் ஒட்டியிருந்தது. உடம்பு தானாக உண்டாக்கியதென்றால் பிள்ளைக்கு ஆபத்து. திருவனந்தபுரத்துக்கு அனுப்ப வேண்டும். அப்படி உண்டாக்காமல் தடுப்பதற்கென்று ஒரு ஊசி உண்டு. அதில் இருப்பதும் இதே பொருள்தான், சில வாரம் ரத்தத்தில் தங்கும். அதுவென்றால் பயமில்லை. ஊசியில் வந்ததா உடம்பில் விளைந்ததா என்று ரத்தத்தின் முகத்தில் எழுதியிருக்காது.

சுலைகா பீவி பக்கத்தில் நிற்கும்போதே, குளச்சலில் ஊசி ஏதும் போட்டார்களா என்று யாரோ ஒருவர் ரிஸ்மாவிடம் கேட்டுவிட்டார். ரிஸ்மா உம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு இல்லை என்றாள். டாக்டரம்மா திருவனந்தபுரத்துக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். சுலைகா பீவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஷிபாவுக்கு அந்தப் பார்வை உறுத்தியது. ஊசி போட்டதா இல்லையா என்பதற்கு உம்மாவின் முகத்தில் என்ன இருக்கிறது? மகளுக்குச் சாயா வாங்கி வரச் சொல்லி சுலைகா பீவியை கேன்டீனுக்கு அனுப்பினாள்.

"மக்கா, உம்மா போயாச்சு. என்னத்த மறைக்கே?"

ரிஸ்மா வாசல் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

"போன மாசம் கிணத்தடியில சறுக்கி விழுந்துட்டேன் அக்கா. மாமி வேண்டாம்னுதான் சொன்னா, நான்தான் கொடத்தத் தூக்கினேன். உம்மாக்குத் தெரிஞ்சா மாமிகிட்ட சண்டைக்கில்லா போவா."

வயிற்றில் அடிபட்டதால் அன்றைக்கே ஒரு ஊசி போட்டிருக்கிறார்கள். மாப்பிள்ளை நாகர்கோவில் வரை ஓடி, ஐஸ் வைத்த டப்பாவில் வாங்கி வந்த ஊசி. டாக்டரம்மா அந்த ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போட்டு உறுதி செய்துகொண்டார். கடிதம் பாதியிலேயே நின்றது. ஸ்கேனில் பிள்ளைக்குக் குறையில்லை. சில வாரம் கழித்துப் பார்த்தபோது அந்த பாசிட்டிவ் இன்னும் மங்கியிருந்தது. ஊசி கரைகிறது, உடம்பு சும்மா இருக்கிறது என்று அர்த்தம்.

பிறந்தது பெண். ஆஸ்பத்திரி வாசல் வரை கேட்கிற தொண்டை. சுலைகா பீவியைப் பொறுத்தவரை அன்றைக்கு மிஷின் கோளாறு, அவ்வளவுதான்.

இதை எழுதியது ஷிபாவின் தம்பி. வாசித்துப் பார்த்த ஷிபா எமனின் எருமைக்குச் சிரித்தாள். பேரையும் ஊரையும் மாற்றியாயிற்றா என்று கேட்டு உறுதி செய்துகொண்டாள். பிறகு நடுவில் ஒரு வரியில் விரலை வைத்தாள்.

"ஏலே, இந்த யாரோ ஒருவர் யாருலே?"

தம்பி ஃபோனில் ஏதோ தேடுவதுபோல் நடித்தான்.

"உம்மாவப் பக்கத்துல வச்சுக்கிட்டு அந்தப் பிள்ளைகிட்ட கேட்டது நான்தான். அது உனக்கும் தெரியும். அத அடிச்சிட்டு என் பேர எழுது."