எதிர்வீட்டு அடுப்பு

எழுபதுகளின் நடுவில் நாங்கள் நாடுவிட்டு வந்து, சென் ஜேம்ஸ் ரவுண் என்ற இடத்தில் ஒரு மாடிக் கட்டடத்தில் இருந்தோம். எதிர்வீட்டில் லெபனான் நாட்டுப் பெண் ஒருவர் தனியாக இருந்தார். அவருடைய நாட்டில் உள்நாட்டு யுத்தம். வயதான தகப்பன் மட்டும் மலையடிவாரத்துச் சின்ன ஊரொன்றில் அப்பிள் தோட்டத்தோடு இருந்தார். ஒருநாள் அந்த ஊரை ஒரு படை பிடித்துவிட்டது என்று வானொலி சொன்னது. அடுத்த மூச்சில் வானிலை அறிக்கை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிடித்தார்களாம்! உள்ளே இருந்த சனங்களைப் பற்றி ஒரு சொல் இல்லை.

எதிர்வீட்டுப் பெண் டெலிபோனை விட்டு அசையவில்லை. ஊருக்கு லைன் கிடைக்கவேயில்லை. சைப்பிரசுக்குத் தப்பி ஓடிய உறவினர்கள் அழைத்து, சுற்றுக் கிராமங்களில் ஆடு மாடு, கோதுமை, கதவு ஜன்னல்கூட மிச்சம் விடாமல் லொறிகளில் ஏற்றுகிறார்கள் என்றார்கள். தகப்பனைப் பற்றித் தகவல் இல்லை. அந்தப் பெண் சமைப்பதையே விட்டுவிட்டார்.

"கொஞ்சம் சோறு கறி கொண்டுபோய்க் குடுப்பமோ?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"உங்களுக்கென்ன விசரே? சமைச்சுக் கொண்டுபோறது செத்த வீட்டுக்கெல்லோ!"

எங்கள் ஊர் வழக்கம் அது. சாவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அயலவர்கள்தான் சாப்பாடு கொடுப்பார்கள்.

"அவவுக்கு உதெல்லாம் தெரியாது."

"எனக்குத் தெரியுந்தானே."

மறுநாள் மனைவி அரிசியும் பருப்பும் எடுத்துக்கொண்டு போய், அவருடைய குசினியிலேயே உலை வைத்தாள். அந்த அடுப்பு எரியும்வரை தகப்பனுக்கு ஒன்றும் ஆகாது என்பதுபோல ஒரு பிடிவாதம். நான் கதிரையில் சும்மா இருந்தேன். வேறென்ன செய்ய?

சோறு கொதிக்கும்போது டெலிபோன் அடித்தது. அவர் கேட்டார், வைத்தார். எங்களிடம் வந்து ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். கொள்ளையடிக்க வந்தவர்கள் தோட்டத்துக்குள் லொறியை விட்டபோது தகப்பன் குறுக்கே போய் நின்றிருக்கிறார். சுட்டுவிட்டார்கள்.

செத்த வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மனைவி என்னைப் பார்த்தாள். மின்சார அடுப்புத்தான், குமிழைத் திருப்பினால் போதும். எங்கள் இருவருக்கும் கை வரவில்லை. அதை நிறுத்தினால் நாங்களே அந்த மனிதரைச் சாகடித்ததுபோல ஆகிவிடும் என்று பயமாக இருந்தது.

கடைசியில் அவரே அடுப்பை நிறுத்தி, தட்டுகளை எடுத்து வைத்தார். வீட்டுக்கு வந்தவர்கள் பசியோடு போனால் அப்பாவுக்குப் பிடிக்காது என்றார். நாங்கள் சாப்பிட்டோம். அவர் பக்கத்தில் கரண்டியோடு நின்று, இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.